ராத்தாவின் கன்னத்தில் ஒரு சொட்டு

துணி காயப்போடும் கிளிப்பைக் கண்டு பயப்படுகிற ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? இதோ, நான் இருக்கிறேன். வயது அறுபத்து நாலு. சர்க்கரை, மூட்டுவலி, பேரன் ஓட்டுகிற பைக்கின் பின்சீட்டு எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். கொடியில் ஒரு மரக் கிளிப் தனியாகத் தொங்குவதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன்.

என் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நாய் கடித்தால் கையில் நாலைந்து ஊசி, அவ்வளவுதானே என்கிறார்கள். நமக்கு அப்படியா இருந்தது? பெரிய ஆஸ்பத்திரியில் நாலு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்வார்கள், ஊசி விரல் நீளம் இருக்கும், தினம் ஒன்று என்று கேட்டுக் கேட்டே நாம் வளர்ந்தோம். அந்தப் பயம் புரியாதவர்களுக்கு நான் செய்த காரியமும் புரியாது.

எனக்கு அப்போது பத்து வயது. தேங்காய்ப்பட்டணத்தில், ஆறு கடலோடு சேருகிற பொழிமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அந்தக் கோடையில் ஊருக்குள் பேப்பட்டி இறங்கியிருந்தது. வெறிநாயை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மீன் கூடை சுமக்கிற ஒருவரைக் கணுக்காலில் கடித்துவிட்டது. அவர் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாற்பதாவது நாள் குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கண்டு அலறினார். மூன்றாம் நாள் மையத்து எடுத்தார்கள். பாயில் கிடந்து குரைத்தார் என்று மதரசாவுக்குப் போகும் வழியில் பெரிய பிள்ளைகள் சொன்னார்கள். அது பொய்தான். ஆனால் பத்து வயதில் எது பொய் என்று யாருக்குத் தெரியும்?

"கடிக்கணும்னு இல்லை, அதோட எச்சி மேல தெறிச்சாலே போதும், பதினாலு ஊசி போடணும்" என்று வாப்பா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் நன்மைக்காகத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை என்னென்ன செய்யப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, துபாயிலிருந்து லீவில் வந்தார். அங்கே ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவுகிற வேலை. வந்த பெட்டியில் எல்லோருக்கும் துணி, செண்டு, பால்பவுடர். ஒரு மூலையில் அவருடைய கேமரா, கறுப்பு மூடி போட்ட ஒரு டப்பா, மருந்துப் பொட்டலங்கள், பச்சை நிறத்தில் ஒரு ஷாம்பு. அந்த ஷாம்புவின் ஆப்பிள் வாசனையை நான் மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்த்தேன். ஆப்பிளை அதுவரை கண்ணால் கண்டதில்லை.

ராத்தாவுக்கு அப்போது பத்தொன்பது. எங்களில் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவது. வாப்பாவின் கூடப்பிறந்த குளச்சல் மாமி, சவுதியில் இருந்த தன் மகனுக்கு ராத்தாவைக் கேட்டிருந்தாள். பேச்சு முடிந்த மாதிரிதான். "பையன் இவளைக் கண்டு நாலு வருஷம் ஆச்சு. ஒரு போட்டோ அனுப்பினா நல்லா இருக்கும்" என்று மாமி சொல்லிவிட்டாள். அங்கேதான் சிக்கல். ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோக வாப்பா சம்மதிக்கவில்லை. "எம் பிள்ளைக்க முகம் அன்னியன் இருட்டு முறியில கிடந்து கழுவப்பிடாது" என்றார். அப்படியானால் நானே எடுத்து நானே வீட்டில் கழுவித் தருகிறேன் என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

ராத்தாவுக்கு அந்த மச்சானைப் பிடிக்கும். யாரும் சொல்லி எனக்குத் தெரியவில்லை. அவர் முன்பு விட்டுப்போன ஒரு மூடியில்லாத பேனாவை அவள் தன் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். எழுதாத பேனாவை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு என் காதைத் திருகினாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுக்களைக்குப் பின்புறம் வெள்ளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி மாமா இரண்டு படம் எடுத்தார். ஒன்றில் ராத்தா வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொன்றில் நேராகப் பார்த்தாள். "பிலிமுக்கு நம்ம கண்ணைவிடப் பவர் கூடுதல், கேட்டியளா? நம்ம கண்ணு காணாததை அது காணும்" என்று மாமா உம்மாவிடம் அளந்தார். உம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாவி மனிதன், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் குளிமுறியில் வேலை தொடங்கியது. போர்வைக்குள் கையை விட்டு பிலிமைக் கறுப்பு டப்பாவுக்குள் சுற்றினார். மருந்து ஊற்றினார், ஆட்டினார், கொட்டினார். எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக மோந்து அலசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் தூக்கைக் கையில் கொடுத்தார்.

"மக்கா, கடைசி அலசுக்கு நம்ம கிணத்து வெள்ளம் ஆகாது. உப்பு. ஒரு சொட்டு பிலிம்ல நின்னு காஞ்சா உப்பு அங்கனயே பிடிச்சுக்கிடும். படத்தில வெள்ளையா விழும். நல்ல வெள்ளக் கிணத்துக்கு ஓடிப் போய் ஒரு தூக்கு கொண்டுட்டு வா."

தண்ணீருக்கு எங்கள் பக்கம் வெள்ளம் என்றுதான் பேச்சு. எங்கள் வீட்டுக் கிணறு பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும். குடிக்கிற தண்ணீர் எடுக்கத் தென்னந்தோப்பைத் தாண்டி மேட்டில் இருக்கும் கிணற்றுக்குப் போகவேண்டும். தினமும் போகிற வழிதான். ஓடினேன், மோந்தேன், இரண்டு கையாலும் தூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

தோப்பு நடுவில் அது நின்றது.

செம்பட்டை நிறம். வால் கால்களுக்கு நடுவே இருந்தது. வாயிலிருந்து நூல் நூலாக வடிந்துகொண்டிருந்தது. அது என்னைப் பார்க்கக்கூட இல்லை. தலையைத் தொங்கப்போட்டபடி, ஏதோ ஒரு வேலையாகப் போகிற மாதிரி நேராக என்னை நோக்கி வந்தது. தூக்கை அதன் மேல் எறிந்தேன். தண்ணீர் அதன் முகத்தில் விழுந்ததும் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அந்தச் சத்தத்தை நான் இதுவரை யாருக்கும் செய்து காட்டியதில்லை. தலையை உதறிவிட்டுப் பக்கவாட்டில் ஓடியது. உதறியபோது என் பாவாடை ஓரத்தில் ஈரம் தெறித்தது. தண்ணீரா, எச்சிலா? எனக்கு எப்படித் தெரியும்?

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று நினைவில்லை. கால் வழியே மூத்திரம் போயிருந்தது. வாப்பாவின் குரல்தான் காதில் ஓடியது, எச்சி தெறிச்சாலே போதும், பதினாலு ஊசி. நாயைப் பார்த்தேன் என்று சொன்னால் எங்கே தெறித்தது என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் ஊசி இல்லை. காலியான தூக்கை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன். எங்கள் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, காலையும் பாவாடை ஓரத்தையும் கழுவினேன். அதே வாளித் தண்ணீரைத் தூக்கில் ஊற்றி மூடினேன்.

"எதுக்குட்டி இவ்வளவு நேரம்?" என்றார் மாமா.

"கிணத்தடியில ஆளு இருந்துது மாமா."

தண்ணீர் வழுக்கி இறங்குவதற்காக அவர் அதில் ஒரு சொட்டு ஷாம்புவை விட்டு, பிலிமை முக்கி எடுத்தார். கொடியில் ஒரு மரக் கிளிப், கீழ்நுனியில் சுருளாமல் இருக்க இரண்டு கிளிப். பிலிமைச் சற்றுச் சாய்வாகத் தொங்கவிட்டார். "வெள்ளம் ஓரமா வடிஞ்சு போவணும், நடுவில நிக்கப்பிடாது. யாரும் கதவைத் தொறக்கப்பிடாது, தூசி கேறும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். பிலிமில் சின்னச் சின்ன ராத்தா இரண்டு பேர், கறுத்த முகமும் வெள்ளை முடியுமாகத் தொங்கினார்கள். மற்ற இடமெல்லாம் தண்ணீர் இறங்கிவிட்டது. நேராகப் பார்த்த ராத்தாவின் கன்னத்தில் ஒரே ஒரு சொட்டு நின்றது. இறங்கிவிடு, இறங்கிவிடு என்று நான் துஆ செய்தேன். அது இறங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. அடுக்களையில் மாமா மீன்முள்ளைத் துப்புகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுபடி அலசியிருப்பார், அவ்வளவுதான் விஷயம். நான் கதவிடுக்கை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் குளச்சல் மாமி படத்தை வாங்கிப்போக வந்துவிட்டாள். பத்திரி, கறி எல்லாம் தயார். மாமா ஜன்னலை அடைத்து, நெகட்டிவைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் படம் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளங்கை அளவுப் படம். முதலில் உம்மா பார்த்தாள், அவள் முகம் மாறியது. மாமி எட்டி வாங்கினாள்.

ராத்தாவின் இடது கன்னத்தில் மிளகாய் விதையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெள்ளை.

"இது என்னது? வெள்ளைப்பாண்டா?" என்றாள் மாமி. வெண்குஷ்டத்தை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்.

உம்மா ராத்தாவை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சுத்தமான கன்னம். "ஒண்ணுமில்லை மதினி, நீங்களே பாருங்க" என்றாள். மாமி பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்து, "தண்ணிக் கறையா இருக்குமோ?" என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் நல்ல மனசோடுதான் கேட்டாள். தப்பிக்க ஒரு வழியை அவளே திறந்துவிட்டாள்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பத்து வருஷமா இந்த வேலை பாக்கேன். என் கையில கறை விழாது" என்றார். பிறகு எல்லோருக்கும் முன்னால் என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, நீ சொல்லு. எந்தக் கிணத்து வெள்ளம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராத்தாவும் பார்த்தாள். என் பாவாடை ஓரம் இன்னும் ஈரமாக இருப்பது போலவே எனக்கு இருந்தது.

"நல்ல வெள்ளக் கிணறு, மாமா."

"கேட்டாச்சில்லா? அப்ப இது பிலிம்ல உள்ளது இல்லை. முகத்தில உள்ளது" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டதே. பிலிம் கண் காணாததைக் காணும் என்று முந்தின நாள் அளந்ததும் அவர்தானே. எக்ஸ்ரே மாதிரி தோலுக்கு அடியில் தொடங்கியிருக்கிறது, வெளியே வர நாளாகும் என்று மாமியே முடிவுக்கு வந்தாள். பத்திரியைத் தொடாமல் எழுந்து போனாள். ராத்தா அடுக்களைக்குள் போய், வைத்த பாத்திரத்தையே திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நெகட்டிவை உம்மா அன்றைக்கே அடுப்பில் போட்டாள். படத்தை மட்டும் ராத்தா எப்படியோ எடுத்து ஒளித்துக்கொண்டாள். மாமா லீவு முடிந்து போய்விட்டார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே வருவதற்குள் அடக்கிவிட வேண்டும் என்று உம்மா எங்கிருந்தோ ஒரு வைத்தியரைப் பிடித்தாள். கார்போக அரிசி என்கிற மருந்து விதையில் காய்ச்சிய எண்ணெய். கன்னத்தில் தடவிக்கொண்டு காலை வெயிலில் உட்கார வேண்டும். வைத்தியர் சொன்னது கொஞ்ச நேரம். உம்மாவுக்குப் பயம் பெரிதாக இருந்ததால் நேரத்தையும் பெரிதாக்கினாள். கிணற்றடியில் முக்காலி போட்டு, ராத்தாவின் இடது கன்னத்தை வெயிலுக்குத் திருப்பி உட்கார வைப்பாள். "எரியுது உம்மா" என்பாள் ராத்தா. "எரிஞ்சாத்தான் போவும் மக்களே" என்பாள் உம்மா, அழுதுகொண்டே.

அதே கிணற்றடியில் நான் தினமும் காலையில் குனிந்து தண்ணீரைப் பார்ப்பேன். பயம் வருகிறதா என்று சோதனை. பார்த்து முடித்ததும் ஒரு குவளை குடித்தும் பார்ப்பேன், உப்புக் கரிக்கும். தொண்டையில் இறங்கினால் இன்னும் பைத்தியம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சுவரில் கரியால் ஒரு கோடு போடுவேன். நாற்பது கோடு. பக்கத்தில் முக்காலியில் ராத்தா. உண்மையைச் சொன்னால் எனக்கு ஊசி, சொல்லாவிட்டால் அவளுக்கு வெயில். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

முப்பதாவது கோட்டுக்கு முன்னால் அவள் கன்னம் கொப்பளித்துவிட்டது. நீர் கோத்து, வெடித்து, புண்ணாகி, ஆறியது. ஆறின இடத்தில் தோல் வெளுத்துப்போய் ஒரு புள்ளி நின்றது. இப்போது நிஜமாகவே நின்றது. படத்தில் இருந்த அதே இடம். "பாத்தியளா, கேமரா முன்கூட்டியே கண்டுட்டுது" என்று ஊர் முழுக்கப் பேச்சு. உம்மாவும் நம்பினாள். ராத்தாவும் நம்பினாள். எனக்கு நாற்பது கோடும் முடிந்தது, பேப்பட்டி நோய் வரவில்லை. அன்றைக்குச் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

ராத்தாவுக்கு அப்புறம் ஆறு வருஷம் கழித்துத்தான் கல்யாணம். கோட்டாறில், மனைவி இறந்துபோன ஒருவர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ராத்தா மூன்று பிள்ளைகள் பெற்றாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்ததும் ஒவ்வொருவரையும் வெயிலில் நிறுத்தி, முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, கன்னத்தைப் பார்ப்பாள். பிறகு பேரப் பிள்ளைகளையும் அப்படித்தான். பெருநாளன்று புதுத்துணியோடு வருகிற பிள்ளைகளும் முதலில் வெயிலில் நின்றுவிட்டுத்தான் காசு வாங்கவேண்டும். எல்லோரும் அதைக் கேலி செய்வார்கள். நான் மட்டும் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

போன மாதம் கோட்டாறுக்குப் போயிருந்தேன். ராத்தாவின் மகள் வயிற்றுப் பேத்தி நாகர்கோவிலில் காலேஜில் படிக்கிறாள். இப்போது பிள்ளைகளுக்குத் திரும்பவும் பிலிம் பிடித்திருக்கிறதாம். பழைய கேமரா ஒன்றை வாங்கி, போனில் வீடியோ பார்த்து, அவளே வீட்டில் கழுவுகிறாள். நான் கைகழுவக் குளிமுறிக் கதவைத் திறந்தேன். ஷவர் கம்பியில் ஒரு கிளிப், அதில் நீளமாக ஒரு பிலிம். கைகழுவாமலே கதவைச் சாத்தினேன்.

அவள் அதைப் போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைக் கறுப்பாக்கிக் கொண்டுவந்து ராத்தாவிடம் நீட்டினாள். "உம்மும்மா, நீங்க எவ்வளவு அழகு பாருங்க." எழுபத்து மூன்று வயது ராத்தா, முக்காட்டுக்குள் சிரிக்கிறாள். வலது கன்னத்தில், நல்ல கன்னத்தில், ஒரு வெள்ளைச் சொட்டு.

ராத்தாவின் கை வலது கன்னத்துக்குப் போனது. முகத்தில் ரத்தமே இல்லை. "இந்தப் பக்கமும் வருதா?" என்றாள். சட்டென்று எழுந்து பேத்தியை ஜன்னல் வெயிலுக்கு இழுத்து அவள் முகவாயைப் பிடித்தாள். "திரும்பு மக்களே. உனக்கு எங்கயாவது வந்திருக்கா? திரும்பு."

"உம்மும்மா, அது வாட்டர் மார்க். குழாய்த் தண்ணி கறை."

"இல்லை மக்களே. அன்னைக்கும் அப்படித்தான் கேட்டாங்க. கேமரா முன்னாடியே கண்டுரும். அன்னைக்கு வெள்ளம் நல்ல வெள்ளம்தான்." என் பக்கம் திரும்பினாள். "நீதானே கொண்டுட்டு வந்தே. சொல்லு இவகிட்ட."

ஐம்பத்து நாலு வருஷம் கழித்து அதே கேள்வி. தொப்புளைச் சுற்றிக் குளிர்ந்தது, நம்புங்கள்.

"நம்ம வீட்டுக் கிணறு, ராத்தா" என்றேன். "தோப்பில பேப்பட்டி நின்னுது. நல்ல வெள்ளத்தை அது மேல எறிஞ்சுட்டேன். ஊசிக்குப் பேடிச்சுப் பொய் சொன்னேன். உனக்குப் பாண்டு ஒண்ணும் கிடையாது. உன் கன்னம் வெந்ததுதான். அந்த எண்ணெயும் வெயிலும்தான்."

பேத்தி, ராத்தாவின் கை முகவாயில் இருக்கும்போதே, மெல்ல நழுவப் பார்த்தாள். ராத்தா விடவில்லை. "நெசமாட்டு கறைன்னா கழுவினாப் போவுமா?" என்று மட்டும் கேட்டாள். "போகும்" என்றாள் பேத்தி. "இங்க வச்சே கழுவு" என்றாள் ராத்தா.

பேத்தி பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணீர் ஒரு கேன் எடுத்து வந்து, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, அந்தத் துண்டு பிலிமை ஊறப்போட்டாள். மறுபடி தொங்கவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் குளிமுறி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் ராத்தா மறுபடி பேத்தியின் முகவாயைப் பிடித்துக்கொண்டாள். அது காய்கிற நேரம் முழுக்க நான் அடி வாங்கக் காத்திருக்கிற பிள்ளையாகத்தான் இருந்தேன். மச்சானைச் சொல்லுவாள், பேனாவைச் சொல்லுவாள், வெயிலைச் சொல்லுவாள். என்ன சாபம் விட்டாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராக இருந்தேன்.

காய்ந்ததும் பேத்தி உட்கார்ந்தபடியே பிலிமை மறுபடி போனில் பிடித்து நீட்டினாள். வலது கன்னம் சுத்தம். இடது கன்னத்தில் பழைய தழும்பு மட்டும்.

ராத்தா வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அப்ப இந்தப் பிள்ளைகளுக்கு வராது, இல்லியா?"

"வராது ராத்தா."

"சத்தியமா?"

"சத்தியமா ராத்தா."

அப்போதுதான் அவள் பேத்தியின் முகத்தை விட்டாள்.